கவிழ்த்த பானை

சண்டைக்குப் போன மகன் கோகுலனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எப்போதாவது பசியோடு வருவான் என்று, தான் சாப்பிட்டதும் பானையில் ஒரு பிடி சோறு மிச்சம் வைப்பாள் சிவபாக்கியம். தனியாக இருப்பவளுக்குப் பொழுது போகட்டும் என்று, பாவம், பக்கத்து வீட்டு றஞ்சிதான் ஒரு நாவலைக் கொடுத்தாள். கதையில், போர் முடிந்த ஏதோ ஒரு மாய நாடு. அங்கே இருட்டியதும் செத்த வீரர்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள். எந்த வீட்டுப் பானையில் சோறு மிச்சம் இருக்கிறதோ, அந்த வீட்டுக்குள் குனிந்து நுழைகிறார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள் சிவபாக்கியம்.

விளக்கு வைக்கும் நேரம் றஞ்சி வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பானையைக் கழுவிக் கவிட்டுப்போட்டியள்? பெடியனுக்கு இண்டைக்கு விரதமோ?"

"உயிரோட வாறவனுக்கு உலை வைக்க எனக்கு எவ்வளவு நேரம் செல்லும், றஞ்சி."

றஞ்சி ஒன்றும் விளங்காமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். சிவபாக்கியம் கவிழ்த்த பானையின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நன்றாக இருட்டிவிட்டது. வாசல் படலையடியில் படுத்திருந்த, கோகுலன் வளர்த்த கிழட்டு நாய் எழும்பி, குரைக்காமல் வாலை ஆட்டியது. அவள் கையை எடுக்கவில்லை.