நசுங்கிய கொக்கு

குளத்தில் மீன் பிடிக்க அனுமதி கேட்டு, கொக்கு தன் படம் ஒட்டிய விண்ணப்பத்தைக் கணினிக்கடையில் ஸ்கேன் செய்தது. பிடிஎஃப்பில் தேதியைத் திருத்தப் போன கடைக்காரக் குரங்கு, கொக்கின் படத்தைக் கட்டத்துக்குள் அடக்க மேல்விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தது. கழுத்தையே காணோம்.

“அண்ணே, மூலையைப் பிடிச்சு இழுத்தா நசுங்காதே!” என்று பதறியது கொக்கு.

“எனக்கே பாடமா? உன் கழுத்துதான் நீளம் ஜாஸ்தி” என்றது குரங்கு. வேறு கடை இல்லாததால் கொக்கு அதையே எடுத்துப் போனது.

அலுவலக எருமை படத்தைப் பார்த்தது, கொக்கைப் பார்த்தது. “இது நீ இல்லையே?”

“நான்தானுங்க. படம் நசுங்கிடுச்சுங்க.”

“பதிவான படம் எப்படித் தப்பாகும்?” என்ற எருமை, வரிசையில் அடுத்து நின்ற வாத்தைக் கண்டு முகம் மலர்ந்தது. “வாங்க, அச்சு அசலா நீங்களேதான்!”

அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்ட வாத்து, நேரே குளத்துக்கு நடந்தது.