கேட் திறக்கும் சத்தம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் ஒரு ஹீட்டரும் ஒரு கம்பளியும் இருந்தன. வீட்டுக்காரன் லூர்துவுக்குக் காலையில் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அவன் மனைவி அமலிக்கு மதியத்துக்கு மேல் பேக்கரியில் வேலை.

"என்னை இவங்களுக்குப் பிடிக்கவே இல்லை," என்று ஹீட்டர் புலம்பியது. "அவர் போனதும் அமலி என்னை அணைச்சுட்டு உன்னைப் போத்திக்கிறா. கேட் திறக்கிற சத்தம் கேட்டா ஓடி வந்து போடுறா. அவ வேலைக்குப் போனதும் அவரும் அதே மாதிரிதான். கேட்டா, நாள் பூரா ஹீட்டர் ஓடுச்சுன்னு ரெண்டு பேரும் புளுகுறாங்க."

"எனக்குள்ள உக்காந்து ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் முணுமுணுக்கிறாங்க," என்றது கம்பளி. "கரண்ட் பில் ஏறாம நான் பார்த்துக்கிறேன், பனியில நடந்து வர்ற ஆளுக்கு வீடு கதகதன்னு இருக்கட்டும்னு."

இருவரும் வீட்டில் இருந்த ஒரு லீவு நாளில் மீட்டர் கணக்கெடுக்க ஆள் வந்தார். அட்டையில் எழுதியவர், "ரெண்டு மாசமா ஊர்லயே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

லூர்து அமலியைப் பார்த்தான். அமலி தரையைப் பார்த்தாள். பிறகு அவன் கம்பளியை எடுத்து விரித்து, ஒரு முனையை அவள் பக்கம் நீட்டினான்.

"இன்னைக்காவது என்னைப் போடுவாங்களா?" என்று ஹீட்டர் கேட்டது.

ஒருவரையே போர்த்திப் பழகிய கம்பளி, இரண்டு பேருக்கும் எட்டுவதற்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. எட்டாத மிச்சத்துக்கு அவர்களே நெருங்கி உட்கார்ந்தார்கள்.