ஏரியில் செத்த ஆட்டுக்குட்டி

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெரு அச்சகத்தில் மெஷின் தடதடக்கிறது. கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் பிற்பகல் வெயிலில் மை காயாத தாள்கள் மினுங்குகின்றன. தாள் மடிக்கும் கிளியம்மாளும் கங்கம்மாளும் ஒரு தாளின் மேல் குனிந்து சிரிக்கிறார்கள். வாசலில் நிற்கும் அம்சவல்லி டீச்சருக்குச் சுருக்கென்கிறது. பிள்ளைகளுக்காக அவளே எழுதி, கைக்காசு போட்டு அச்சடிக்கும் கதைப்புத்தகம் அது. திருத்தித் தருகிறேன் என்று வந்தவர்களிடம்கூட, கதையைக் கெடுத்துவிடுவார்களோ என்று அவள் கொடுக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? மூன்றாம் அத்தியாயத்தில் ஆட்டுக்குட்டி செம்பரம்பாக்கம் ஏரியில் மூழ்கிச் சாகிறது.

"என்ன சிரிப்பு?" கிளியம்மாள் தாளைச் சட்டென்று மடியில் மறைக்கிறாள். "ஒண்ணுமில்ல டீச்சர்." "கொடு இப்படி." வாங்கிப் பார்த்தால், அது ஐந்தாம் அத்தியாயம். செத்த ஆட்டுக்குட்டி வேலியோரம் நின்று செம்பருத்திப் பூவை மென்றுகொண்டிருக்கிறது. அச்செழுத்துக் கோத்தவன் எதையாவது நுழைத்துவிட்டானோ என்று வரிவரியாகத் தேடுகிறாள். எல்லாம் அவள் எழுதியதுதான். காது சுடுகிறது. "மெஷினை நிறுத்தட்டுமா டீச்சர்?" என்கிறார் அச்சக முதலாளி நடேசன். "செத்துப்பூட்ச்சேன்னு அழுதுகினு இருந்தோம். தோ, வந்து பூ துன்னுகினு கீது. அந்த சந்தோசத்துலதான் சிரிச்சோம் டீச்சர்" என்கிறாள் கிளியம்மாள். அவள் கண்ணோரம் ஈரமாகத்தான் இருக்கிறது. அழுத ஈரமா, சிரித்த ஈரமா? கங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள். "மெஷின் ஓடட்டும்" என்கிறாள் அம்சவல்லி. முக்காலியை இழுத்து அவர்களுக்கு நேர் எதிரே போட்டு உட்காருகிறாள். "ஆறாவதையும் படி. என் எதிர்ல படி."