போனில் ஒரு குடை

"ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம்யா. தெரியுமா உனக்கு?" என்று தாவ் கேட்டதும், செங்டு பூங்காவின் தேநீர்க் கடையில் கெங்கின் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் பாதி வழியில் நின்றது.

தெரியும். நேற்றுதான் போனில் பார்த்தார். அதற்கு முன்னால் எரிமலை. அதற்கும் முன்னால் ஒரு சிறுமி இரட்டைச் சடையை ஆட்டி ஆட்டிப் பழங்கவிதை ஒப்பித்தாள்.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவரான கெங் இவற்றையெல்லாம் தேடிப் போகிற ஆள் இல்லை. அவருக்கு வேண்டியது யான்லிங். சாயங்காலமானால் சிவப்புப் பட்டுடுத்தி நேரலையில் பாட வருகிறவள். பாட்டுக்கு நடுவில், பார்க்கிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். "கெங் அண்ணா, சாப்டீங்களா?" என்று அவள் கேட்கும்போது, கூடவே ஆயிரக்கணக்கான அண்ணன்கள் காத்திருப்பது அவருக்கு மறந்துபோகும்.

ஒரு வாரமாக அவளைக் காணோம். கட்டைவிரல் தேயத் தள்ளினாலும் எரிமலைதான் வருகிறது. கொஞ்ச நேரம் போனால், 'கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், மீதியை நாளை பார்க்கலாம்' என்று போனே மூடிக்கொள்கிறது. அவர் கேட்ட படகுக்காரன் பாட்டை இன்று சாயங்காலம் பாடுவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த ஏக்கத்தை யாரிடம் சொல்ல? சாப்பிடும்போது பேச வேறு விஷயம் இல்லாமல் மனைவி சூலானிடம் எரிமலையைப் பற்றிச் சொன்னார். அவள் சிரித்தாள். அவர் கிண்ணத்தில் ஒரு மீன் துண்டை வைத்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். அது ஏன் என்று அவர் யோசிக்கவில்லை.

"உனக்கும் ஆக்டோபஸா?" என்று இப்போது மெதுவாகக் கேட்டார்.

"எனக்கும்தான்," என்றார் காலையிலிருந்து வாய் திறக்காத மௌ. "போன்ல ஒருத்தன் காகிதத்துல தவளை செய்யச் சொல்லித் தர்றான். செஞ்சு பாத்தேன். நல்லாத்தான் தாவுது."

மூங்கில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. மூவரும் சூரியகாந்தி விதை கொறித்தார்கள். பிறகு தாவ் தீர்ப்புச் சொன்னார். நாடு முழுக்க இணையத்தைக் கழுவி விட்டிருக்கிறார்கள். மேலிடத்து உத்தரவாகத்தான் இருக்கும். மௌ அதுவும் நல்லதுக்குத்தான் என்றார். அதை மௌவே நம்பியதாகத் தெரியவில்லை.

போனின் மூலையில் சின்னதாக ஒரு குடைப் படம் இருப்பதைக் கெங் காட்டினார். மற்ற இருவர் போனிலும் அது இருந்தது. மழை வரும் என்பதற்கு அடையாளம் என்றார் தாவ். கெங்கும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஒரு வாரமாக மூன்று பேருமே குடையோடுதான் பூங்காவுக்கு வருகிறார்கள். ஒரு துளி விழவில்லை.

அப்போது நான்காவது கூட்டாளி நிங் வந்தார். கையில் குடை இல்லை. உட்கார்ந்து, வெந்நீர்க் குடுவையில் போனைச் சாய்த்து வைத்தார். திரையில் யான்லிங், சிவப்புப் பட்டில், நேற்றுப் பாடிய பாட்டு.

மூன்று நாற்காலிகளும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் நகர்ந்தன.

நிங்குடையது பழைய போன், உத்தரவு இன்னும் அதற்குப் போய்ச் சேரவில்லை என்றார் தாவ். தரைத்தளத்தில் குடியிருக்கிறவர்களுக்கு எல்லாமே தாமதமாகத்தான் வரும் என்றார் மௌ. கெங் ஆராய்ச்சியில் இறங்கவில்லை. இன்று சாயங்காலம் மட்டும் போனைக் கொடு என்று கேட்டார்.

நிங் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அது மட்டும் கேக்காதய்யா. சாப்டியான்னு என்னைக் கேக்கறது அவ ஒருத்திதான்."

கெங் தன் போனை ரிப்பேர்காரரிடம் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார்.

"வீட்ல கேட்டுட்டுப் போ," என்றார் தாவ். "செங்டு ஆம்பளைங்க எல்லாம் பொண்டாட்டி பேச்சுக்கு ஆடறவங்க, என்னைத் தவிர. என் வீட்ல என் உத்தரவுதான்."

பூங்கா வாசலில் போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பெண் இரண்டு இடத்தில் தட்டினாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"பெரியப்பா, வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?"

இல்லை என்றார் கெங்.

"பெரியம்மா சாயங்காலத்துல மத்தப் பொம்பளைங்களோட சதுக்கத்துல ஆடப் போவாங்களா?"

"போவா. என் கூட்டாளிங்க பொண்டாட்டிங்களும்தான். ஏம்மா?"

"போன வாரம் அந்த ஆட்டக் கோஷ்டி மொத்தமும் இங்க வந்துச்சு. குழந்தைங்க கெட்டுப் போகாம இருக்கப் போடற பூட்டு இது. எப்படிப் போடறதுன்னு கேட்டுக் கத்துக்கிட்டுப் போனாங்க. பூட்டு விழுந்தா அந்தக் குடை வரும்." போனை அவர் பக்கம் திருப்பினாள். "நாலு எண் தட்டினாத் திறந்துடும். பெரும்பாலும் கல்யாண நாள்தான் வைப்பாங்க. தட்டுங்க."

கெங் விரலை நீட்டினார். அன்று மழை பெய்தது நினைவுக்கு வந்தது. ஒரே சைக்கிளில், ஒரே குடையில், சூலான் பின்னால் உட்கார்ந்து வந்தது நினைவுக்கு வந்தது. தேதி வரவில்லை. விரலை மடக்கிக்கொண்டார்.

"ஒருத்தன் போன்ல மட்டும் குடை இல்லையேம்மா."

"அவர் வீட்ல பெரியம்மா இல்லையோ என்னமோ."

இல்லைதான். நிங்கின் மனைவி போய் வருகிற வசந்தத்தோடு மூன்று வருடம்.

கெங் திரும்பி வந்தார். நிங்கின் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, "சாப்டியாய்யா?" என்று கேட்டார். நிங் ஆச்சரியத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"அதை விடு," என்று அவசரப்பட்டார் தாவ். "கடையில என்ன சொன்னாங்க?"

கெங் குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு, தாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ சொன்னதுதான். மேலிடத்து உத்தரவாம்."