மூன்றாவது திறப்பு

"வாடகையைக் குறையுங்கோ எண்டு அப்பவே சொன்னனான்..."

"வாடகையில்லை, உம்மட வாய்! ஆணி அடிக்காத, மீன் பொரிக்காத எண்டால் ஆர் இருப்பினம்?"

இருந்த ஒரே படகையும் விற்று, வாடகைக்கு விடவென்று யாழ்ப்பாணத்தில் வாங்கிய வீடு. அதன் முற்றத்தில் ஞானசீலியும் புருஷன் அருளப்பும் ஆளையாள் பேசவிடவில்லை. ஒரே வருடத்தில் மூன்றாவது குடும்பமும் சாமான்களை லொறியில் ஏற்றிவிட்டது.

வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுக்க வந்த, அந்தக் குடும்பத்து ரீச்சரை ஞானசீலி மறித்தாள். "பிள்ளை, உள்ளதைச் சொல்லும். நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

"உங்களில பிழையில்லை அன்ரி. கிணத்துத் தண்ணி ஒரே உப்பு. தேத்தண்ணிகூடக் குடிக்க ஏலாது."

"உப்போ? வீட்டை வாங்கிறதுக்கு முதல் நாங்கள் ரெண்டு பேரும் குடிச்சுப் பாத்தனாங்கள். அருமையான நல்ல தண்ணி!"

ரீச்சர் தயங்கினாள். "நீங்கள் எந்த ஊர் அன்ரி?"

"நெடுந்தீவு."

சொன்ன பிறகுதான் ஞானசீலிக்கு விளங்கியது. அறுபது வருடமாக உவர்க் கிணற்றைத் தவிர வேறு கிணறு அறியாத நாக்குகள். அவள் அப்படியே படியில் குந்திவிட்டாள்.

லொறி போனது. அருளப்பு ஒரு வாளி அள்ளிக் குடித்தார். திரும்பவும் குடித்தார்.

"எனக்கு இப்பவும் நல்ல தண்ணியாத்தான் கிடக்கு. உமக்கு எப்பிடி?"