பின்வாசல் ருசி

தோள்பட்டை தீயாய் எரிந்தது. நாற்பது மூட்டைச் சர்க்கரையை இறக்கிப் போட்டுவிட்டு லாரியில் ஏறிய சுமைதூக்கி, வலித்தைலத்தைத் தேடி டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். தைலம் வரவில்லை. ரப்பர் பேண்டு போட்ட பேப்பர் துண்டுகள் கொத்தாக வந்தன.

உள்ளூர்ப் பேப்பரில் நான்கு வாரமாக ஊரையே கலக்கிக்கொண்டிருக்கும் ருசி விமர்சனப் பகுதி அது. கேக் கடை, ஐஸ்கிரீம் கடை ஒன்றையும் விடாமல் கிழித்துத் தொங்கவிடுகிற ஆள் தன் பெயரை 'உள்ளூர்க்காரன்' என்று மட்டும் போட்டுக்கொள்வான்.

'மணிக்கூண்டுக் கடைப் புட்டிங்கைச் சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் காயம். பாலத்தடிக் கடை ஐஸ்கிரீமில் பழம் உண்டு, டப்பாவின் மேல் படமாக. ஆஸ்பத்திரிக்கு எதிரில் விற்கும் பன் மட்டும் யோக்கியம். வெண்ணெய் கேக் என்று போர்டு மாட்டிய பெரிய கடையில், வெண்ணெய் போர்டோடு சரி. பின்வாசலில் இறங்குவது டின் டின்னாக மலிவுக் கொழுப்பு.'

அந்தக் கடைசி வரிதான் வினையாகிவிட்டது. பெரிய கடை முதலாளி அன்று காலை குடோனுக்கே வந்து, மேனேஜர் மேசையில் பேப்பரை வீசினார். "எங்க பின்வாசலைப் பாக்கறது உங்க லாரில வர்ற ரெண்டு பேருதான். சாயங்காலத்துக்குள்ள எவன்னு கண்டுபிடிச்சு வேலையை விட்டு அனுப்புங்க. இல்லேன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க."

இரண்டு பேரில் தான் இல்லை என்பது சுமைதூக்கிக்குத் தெரியும். மிச்சம் ஒருவர்தான்.

பன்னிரண்டு வருடமாக ஒரே லாரி. சரக்கை இறக்கி முடித்ததும் கடைச் சமையல்காரர்கள் உடைந்த துண்டுகளைக் கொடுப்பார்கள். டிரைவர் தன் பங்கை அங்கேயே நின்று முடித்துவிடுவார். இவன் பாதியைத் தின்றுவிட்டு மீதியை மனைவிக்குக் கட்டிக்கொள்வான். 'சுவருக்குத்தான் காயம்' என்பது இவன் அடித்த ஜோக். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, வயிறு குலுங்கச் சிரித்த ஜோக்.

சிரித்துச் சிரித்துக் கேட்டதெல்லாம் இதற்குத்தானா?

தைலம் தடவாமலே இறங்கி நேராக மேனேஜர் அறைக்குப் போனான். கொத்தை மேசையில் வைத்தான். "இவருதான் சார். சீட்டுக்கு அடியில இருந்துச்சு."

டிரைவரைக் கூப்பிட்டார்கள். அவர் கொத்தைப் பார்த்தார், அப்புறம் இவனைப் பார்த்தார்.

"நான் எழுதல சார். ஊரே வாங்கிப் படிக்குது, நானும் வாங்குனேன்."

"நாம பேசுனது அச்சு அசலா இருக்கே, அண்ணே! என் வயித்துல மண்ணள்ளிப் போட எப்படி மனசு வந்துச்சு?"

டிரைவர் ஒரு துண்டை உருவி அவனிடம் நீட்டினார். "இதைப் படிச்சியா? பெரிய கடை கேக்குல கிரீம் வடிஞ்சு, கேக்கு ஈரத்துணி மாதிரி தொங்குதுன்னு எழுதியிருக்கு. நான் தின்னப்போ கிரீம் கொம்பு மாதிரி நின்னுச்சேடா."

"எழுதறவங்க நாலு சேத்துத்தான் எழுதுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

மேனேஜர் கையை நீட்டினார். டிரைவர் லாரிச் சாவியை அதில் வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது.

கேட்டருகே டிரைவர் நின்றார். "தம்பி, காலையில மேனேஜர் என்னையும் தனியா கூப்பிட்டுக் கேட்டாரு. லாரில ரெண்டு பேரு, நான் எழுதல. அப்ப யாருன்னு எனக்கும் கூட்டிக் கழிக்கத் தெரியும். தெரியாது சார்னு சொல்லிட்டு வந்தேன்."

"என்னையா சொல்றீங்க? பண்றதையும் பண்ணிட்டு என் தலையிலயே கட்டுறீங்களா?"

"உன் பேச்சு பேப்பர்ல வந்திருக்குன்னு பெருமையா எடுத்து வச்சேன்டா, மடையா."

சுமைதூக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பன்னிரண்டு வருடம் லாரியில் போன தெருவில் டிரைவர் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்.

வீட்டு வாசற்படியில் கால் வைக்கும்போதே அவன் வாய் திறந்துவிட்டது. "கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேன். காட்டிக் கொடுத்துட்டான். நல்லவேளை, நான் முந்திக்கிட்டேன். இல்லேன்னா நானும் தெருவுலதான் நின்னிருப்பேன்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "யாரு?"

"டிரைவரு. அந்த உள்ளூர்க்காரன் அவன்தான். வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."

"அவருதான்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன். லாரில இருக்கறது ரெண்டு பேரு. நான் எழுதல. அப்ப வேற எவன்?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். அவன் செருப்பைக் கழற்றக் குனிந்தான்.

"கழட்டாதீங்க, கிளம்புங்க. எழுதுனது நான், நீங்க கட்டிக்கிட்டு வந்ததையும் வந்து சொன்னதையும் வச்சு. அந்த அண்ணனுக்கு நாம ஒரு வேலை கடன்பட்டிருக்கோம்."