கோமதியின் சிறுகோள்

கோமதிக்குச் செவ்வாய்க்கும் அப்பால் சுற்றும் ஒரு சிறுகோளில் சுரங்க வேலை. பாளையங்கோட்டையில் இருந்த அவள் கணவன் இசக்கிராஜ், சின்னத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி மொட்டைமாடியில் நிறுத்தினான். பொழுது அடைந்ததும் அந்தச் சிறுகோளைக் கண் வலிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவான்.

ஒருநாள் அவளுக்குச் செய்தி அனுப்பினான். "இன்னைக்கு உன் கோள் என்னமா ஜொலிக்குது கோமதி! நீயே வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

அவ்வளவு தூரம் பேச்சு போய்ப் பதில் வர அரைமணி நேரம் ஆகும். வந்தது.

"ஏங்க, ஒரு வாரமா இந்தக் கோள் முழுக்கக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கோம். நீங்க எவளைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

இசக்கிராஜ் தொலைநோக்கியிடம் ஓடினான். மறுபடி பார்த்தான். சிறுகோள் என்றால் இத்தனை நாளில் நகர்ந்திருக்கும். இது பக்கத்து நட்சத்திரங்களோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

"அது ஏதோ நட்சத்திரம் போல கோமதி. நீ போனதுல இருந்து அதைத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். கோவிச்சுக்காத."

சாப்பிடப் பிடிக்காமல் மாடியிலேயே நடந்தான். அரைமணி கழித்து அவள் சிரிப்புதான் முதலில் வந்து சேர்ந்தது.

"விடுங்க. நான் பூமின்னு நெனச்சு தினமும் உங்களுக்குக் கையாட்டினேன்ல, அது வெள்ளியாம்!"